சொந்த உடம்பின் சிக்னலே கிட்னியைக் கெடுக்கும்போது... இருபதுகளில் ஒரு யூரின் டெஸ்ட் ஏன் அவசியம்?

மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 26. சேருவதற்கு முன் மெடிக்கல் செக்கப். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, இரண்டு நாளில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சர்க்கரை நார்மல். கிரியேட்டினின் நார்மல். ஹீமோகுளோபின் நார்மல். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் இடிக்கிறது: 'சிறுநீரில் ஆல்புமின் 2+'.

கடைசிப் பக்கத்தில் 'ஃபிட்' என்று சீல் விழுந்திருக்கிறது. அப்புறம் என்ன? ரிப்போர்ட் போனிலேயே எங்கோ கிடக்கும். ஐடி கார்டு வந்துவிடும். அந்த 2+ யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த ஒரு வரி சும்மா வந்ததாகவும் இருக்கலாம். முந்தைய நாள் காய்ச்சல், ஜிம்மில் கடுமையான பயிற்சி என எதனாலும் சிறுநீரில் புரதம் தற்காலிகமாக எட்டிப் பார்க்கும். ஆனால், அது மறுபடியும் மறுபடியும் வந்தால், சிறுநீரகத்துக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கலாம். வெளியிலிருந்து வந்த எதிரியோடு நடக்கும் சண்டை அல்ல அது. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சொந்த வடிகட்டியின் மீது பாய்ந்திருக்கக்கூடும்.

இந்தச் சண்டையை நடத்துபவை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புரதங்கள். 'சைட்டோகைன்' என்று பெயர். இவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் கடந்த சில ஆண்டுகளாக வரிசையாக வரத் தொடங்கியிருக்கின்றன. மருத்துவ உலகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், நோயாளி டாக்டரிடம் வருவது மட்டும் இன்னும் தாமதமாகவே இருக்கிறது. பிரச்சினை அங்கேதான்.

வடிகட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் நூல்கண்டு போலச் சுருண்ட ரத்த நாளக் கொத்து ஒன்று உண்டு. அதற்கு 'குளோமெருலஸ்' என்று பெயர். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது.

இந்த வடிகட்டி நன்றாக இருக்கும்வரை ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற புரதங்களும் உள்ளேயே தங்கும். வடிகட்டியின் சுவரில் அழற்சி ஏற்பட்டால் அவை கசியும். புரதம் கசிந்தால் சிறுநீரில் நுரை பொங்கும். ஃபிளஷ் செய்த பிறகும் நுரை போகாது. ரத்த அணுக்கள் கசிந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். பல நேரங்களில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, டெஸ்ட்டில் மட்டும்தான் தெரியும்.

கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. வடிகட்டிகளில் பாதி போனாலும், மீதி இருப்பவை கூடுதல் சுமையைத் தாங்கிச் சமாளித்துவிடும். அதுவரை கிரியேட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆகவே, முதலில் மாறுவது பெரும்பாலும் சிறுநீர் ரிப்போர்ட்தான். ரத்த ரிப்போர்ட் பின்னால்தான் வரும்.

சைட்டோகைன்: தெருவைக் கூட்டும் குரல்

ஒரு வீட்டில் தீப்பிடித்தால் முதலில் பார்த்தவர் கத்துவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவே கூடும். ஒருவர் குடத்தோடு வருவார், ஒருவர் கதவை உடைப்பார். தீ அணைந்ததும் எல்லோரும் கலைந்துபோனால் நல்லது. தீ அணைந்த பிறகும் கத்தல் நிற்காவிட்டால்? கூட்டம் கூடிக்கொண்டே போகும். மிச்சமிருக்கும் கதவும் உடையும்.

சைட்டோகைன்கள் அந்தக் குரல்கள்தான். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'டிஎன்எஃப்' ரத்த நாளச் சுவரைத் தளர்த்தி, வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைய வழிவிடும். 'இன்டர்லூக்கின்-6' காய்ச்சலைக் கிளப்பும், எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களை முடுக்கும். 'எம்சிபி-1' இன்ன இடத்துக்கு வாருங்கள் என்று அணுக்களை அழைக்கும். 'இன்டர்ஃபெரான்' வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கும். கடைசியில் 'டிஜிஎஃப்-பீட்டா' வந்து சேதமான இடத்தைத் தழும்பு போட்டு மூடும்.

கையில் பட்ட காயத்துக்குத் தழும்பு நல்லது. வடிகட்டிக்குத் தழும்பு என்றால் அந்த வடிகட்டி முடிந்தது. தழும்பு விழுந்த குளோமெருலஸ் திரும்ப வேலை செய்யாது. புதிதாக முளைக்கவும் முளைக்காது. சிகிச்சை தழும்புக்கு முன்னால் வந்து சேர்ந்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

தொண்டை வலி வந்த மறுநாள் சிறுநீர் நிறம் மாறினால்?

இளைஞர்களைப் பிடிக்கும் அழற்சி சிறுநீரக நோய்களில் முக்கியமானது 'ஐஜிஏ நெஃப்ரோபதி'. 1968-ல் பாரிஸில் ஜான் பெர்ஜே, நிக்கோல் இங்லே என்ற இரு ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் வெளியே தெரியவரும் நோய் இது.

ஐஜிஏ என்பது மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உள்பரப்பைக் காக்கும் எதிர்ப்பொருள். இந்த நோய் உள்ளவர்களுக்கு, அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய சர்க்கரைத் துணுக்கு ஒன்று குறைவாக இருக்கும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து, அதற்கு எதிராகவே இன்னொரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். இரண்டும் பின்னிப் பிணைந்து கட்டியாகி, ரத்தத்தோடு சுற்றி வந்து குளோமெருலஸில் படியும். அங்குள்ள செல்கள் சும்மா இருக்குமா? இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப், டிஜிஎஃப்-பீட்டா என ஒவ்வொரு குரலாக எழுப்பத் தொடங்கிவிடும்.

அதனால்தான் தொண்டை வலியோ சளிக் காய்ச்சலோ வந்த ஓரிரு நாளிலேயே சிலருக்குச் சிறுநீர் சிவந்துபோகிறது. இரண்டு நாளில் நிறம் சரியாகிவிடும். 'சூடு பிடிச்சிருக்கும், இளநீர் குடி' என்று வீட்டில் சொல்வார்கள். நிறம் சரியாவதால் நோய் போய்விட்டது என்று ஆகாது.

இந்த நோய் தெற்காசியர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவிய முக்கியமான ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் 'கிரேஸ்-ஐகானி' ஆய்வு, பயாப்ஸி மூலம் உறுதி செய்யப்பட்ட 201 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் கணிசமானவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே சிறுநீரகச் செயல்திறன் வேகமாகச் சரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது மெதுவாக நகரும் சாது நோய் என்று நினைத்துவிட முடியாது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன சேதி.

லூபஸ், சிரங்கு, சிவப்பழகு கிரீம்

குரல் மாறினால் நோயும் மாறும். 'லூபஸ்' நோயில் முன்னால் நிற்பது இன்டர்ஃபெரான். வைரஸ் இல்லாதபோதும் அந்த எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள். மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு என்று ஆரம்பிக்கும். மூட்டுக்கு ஒரு டாக்டர், முடிக்கு ஒரு டாக்டர் என்று அலைந்துகொண்டிருக்கும்போதே சிறுநீரகம் உள்ளே பாதிக்கப்பட்டிருக்கும். லூபஸ் என்று சந்தேகம் வந்த நாளிலேயே சிறுநீரையும் பார்ப்பது இதனால்தான்.

குழந்தைகளுக்கு வேறு வழியில் வரும். தொண்டையிலோ தோலிலோ 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' கிருமி தாக்கி, தொண்டை என்றால் ஒன்றிரண்டு வாரம், சொறி சிரங்கு என்றால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, காலையில் எழும்போது முகம் வீங்கியிருக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். கிருமி எப்போதோ போயிருக்கும். அதை விரட்டக் கூடிய கூட்டம்தான் கலையாமல் வடிகட்டியில் நிற்கிறது. பெரும்பாலான குழந்தைகள் முழுதாகக் குணமாகிவிடுவார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால், ரத்த அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. அதனால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, இளைஞர்கள் கவனிக்க வேண்டிய கதை. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் டாக்டர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 'மெம்பரேனஸ் நெஃப்ரோபதி' நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியவர்கள். சந்தேகம் போனது கிரீமில் கலந்த பாதரசத்தின் மீது. வேலூர் சிஎம்சி டாக்டர்களும் இதே நெல்-1 வகைக்கும் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். தோலில் தடவியதும் வாயில் போட்டதும் எதிர்ப்பு சக்தியைக் குழப்பி, கடைசியில் சிறுநீரகத்தில் வந்து நிற்கின்றன. கிரீமையோ மருந்தையோ நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்திருக்கிறது. கேட்டால்தான் தெரியும் என்பதால், டாக்டர் கேட்காவிட்டாலும் 'இந்த கிரீம் போடுறேன், இந்த லேகியம் சாப்பிடுறேன்' என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

மேலூர், உசிலம்பட்டி வயல்களில் வேறொரு கேள்வி

நகரத்தை விட்டு வெளியே வந்தால் படம் மாறுகிறது. தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் டாக்டர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வேறு வழக்கமான காரணமோ இல்லை.

அப்படியென்றால் எதனால்? வெயிலில் நீண்ட நேர உடலுழைப்பு, போதிய தண்ணீர் இல்லாமை ஆகியவற்றின் மீதுதான் முதல் சந்தேகம். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதே மாதிரியான நோய் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அவர்களின் பயாப்ஸியில் குளோமெருலஸைவிட அதன் பின்னால் இருக்கும் குழாய்ப் பகுதியில்தான் அழற்சியும் தழும்பும் அதிகம் தெரிந்தன. இங்கே கசிவு குறைவாக இருக்கும் என்பதால் புரதம் கூடப் பெரிதாக வராது. ஆகவே வயலில் வேலை செய்பவருக்குச் சிறுநீர் டெஸ்ட்டோடு கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. அந்த வெயிலில் நாள் முழுக்க நின்றவர், ராத்திரி உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கனவே தவிக்கும் செல்களுக்கு இது இரண்டாவது அடி. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு வயல் வரப்பில் நிழலாகவும் குடிநீராகவும் மாறினால்தான் பயன்.

குரலை அடக்க என்ன மருந்து இருக்கிறது?

பல பத்தாண்டுகளாக இருக்கும் பதில் ஸ்டீராய்டு. அது எல்லாக் குரல்களையும் ஒரே நேரத்தில் அடக்கும். வேகமாக வேலை செய்யும், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால், தெருவில் எல்லோர் வாயையும் பொத்தினால் நிஜமாகவே திருடன் வரும்போது கத்த ஆளிருக்காது.

இதை நேரடியாகக் காட்டியது 'டெஸ்டிங்' என்ற பன்னாட்டு ஆய்வு. ஐஜிஏ நெஃப்ரோபதிக்கு ஸ்டீராய்டு உதவுமா என்று பார்க்க இந்தியா, சீனா, ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா ஆகிய நாடுகளில் நடந்தது. முழு டோஸில் கடுமையான தொற்றுகளும் மரணங்களும் ஏற்பட்டதால் 2015-ல் ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது. பிறகு டோஸைக் குறைத்து, தொற்றைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துத் தொடர்ந்தார்கள். 2022-ல் முழு முடிவு வந்தது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட மோசமான விளைவு, டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும், ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டிருந்தது. பலன் உண்டு. விலையும் உண்டு.

அடுத்த யோசனை, ஒரு குரலை மட்டும் அடக்குவது. லூபஸ் சிறுநீரக பாதிப்புக்கு 'பாஃப்' என்ற சைட்டோகைனைத் தடுக்கும் 'பெலிமுமாப்' மருந்தை 448 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நல்ல பலன் பெற்றவர்கள் 43 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 32 சதவீதம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் லூபஸ் சிறுநீரக நோய்க்கு அது அனுமதி பெற்றது.

பாஃபின் உறவுக்கார சைட்டோகைன் ஒன்றுக்கு 'ஏப்ரல்' என்று பெயர். மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. குறைபாடுள்ள ஐஜிஏவைத் தயாரிக்கச் சொல்லி செல்களைத் தூண்டுவது இதுதான். ஏப்ரலைத் தடுக்கும் 'சிபெப்ரென்லிமாப்' ஊசியை நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டபோது, ஒன்பது மாதத்தில் சிறுநீர்ப் புரதம் டம்மி ஊசியோடு ஒப்பிடுகையில் சுமார் பாதியாகக் குறைந்தது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் இதற்கு விரைவு அனுமதி கிடைத்தது. புரதம் குறைந்ததை வைத்துத் தரப்பட்ட அனுமதி அது. சிறுநீரகத்தை எத்தனை ஆண்டு காப்பாற்றும் என்பதை நீண்ட கால முடிவுகள்தான் சொல்ல வேண்டும்.

எல்லாக் குரலையும் இப்படி அடக்கிவிட முடியுமா? முடியாது. தழும்பு போடும் டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்தால் போதுமே என்று சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்த 400-க்கும் மேற்பட்டோரிடம் முயன்றார்கள். பலனில்லை என்று ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஆனால், நுரையீரலில் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். அதை அடக்கினால் கிருமி விழித்துக்கொள்ளும். காசநோய்க்கென்றே தோப்பூரில் அரசு மருத்துவமனை இயங்கும் ஊரில், இது புத்தக எச்சரிக்கை இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் எந்த மருந்தையும் தொடங்கும் முன் டாக்டர் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்ட்களை எழுதுவது வீண் செலவு என்று நினைக்கக் கூடாது.

மதுரையில் இப்போது எது கைக்கு எட்டும்?

புதிய ஊசிகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால், அவை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பழைய பிரஷர் மாத்திரைகள் வடிகட்டியின் மீதான அழுத்தத்தைக் குறைத்து, புரதக் கசிவையும் குறைக்கின்றன. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் இவற்றை டாக்டரிடம் பேசாமல் எடுக்கக் கூடாது.

சர்க்கரை நோய்க்காக வந்த 'டாபாகிளிஃப்ளோசின்' இன்னொரு ஆச்சரியம். 'டாபா-சிகேடி' ஆய்வில் ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ள 270 பேர் இருந்தார்கள். அந்த மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட விளைவுகள் 71 சதவீதம் குறைவாக இருந்தன. 2020-ல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. இன்று மதுரையின் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் மாத்திரை அது.

விலை குறைய முடியும் என்பதற்கு இன்னொரு சாட்சி 'ரிட்டுக்சிமாப்'. எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களைக் குறிவைக்கும் இந்த மருந்து, மெம்பரேனஸ் உள்ளிட்ட சில சிறுநீரக நோய்களுக்கும் தரப்படுகிறது. 2007-லேயே டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதன் இந்தியப் பதிப்பைக் கொண்டுவந்துவிட்டது. இன்று எட்டாத உயரத்தில் இருக்கும் ஊசிகளுக்கும் அந்த நாள் வரலாம். அதுவரை சிறுநீரகம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

தாக்குப்பிடிக்க ஒரே வழி, சீக்கிரம் கண்டுபிடிப்பது. அதற்கான கருவி ஒரு காகிதப் பட்டை. சிறுநீரில் தோய்த்து எடுத்தால் ஓரிரு நிமிடத்தில் நிறம் மாறும். 1+ என்றால் ஒரு டெசிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம் புரதம், 2+ என்றால் சுமார் 100, 3+ என்றால் சுமார் 300. இதைவிட மலிவான, இதைவிட அதிகம் சொல்லும் டெஸ்ட் சிறுநீரகத்துக்கு வேறில்லை.

எங்கே சறுக்குகிறது?

தேசிய அளவிலான தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயதிலிருந்து தொடங்குகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றுக்கு அது சரியான வயதாக இருக்கலாம். ஆனால், ஐஜிஏ நெஃப்ரோபதியும் லூபஸும் 30-க்காகக் காத்திருப்பதில்லை. 22 வயதில் ஆரம்பித்த நோய், 31 வயதில் டெஸ்ட் மேசைக்கு வரும்போது தழும்பாகியிருக்கும்.

தமிழ்நாடு அரசு 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் சிறுநீரக பாதிப்பைக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத இளைஞரும் அந்தக் காகிதப் பட்டைக்கு வந்து சேர வேண்டும். கல்லூரியில் சேரும்போது ஒருமுறை, வேலைக்குச் சேரும்போது ஒருமுறை என்று வைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வேலைக்கு முன் செக்கப் நடத்துவது தகுதியா, இல்லையா என்று சீல் குத்துவதற்கு மட்டும்தானா? 2+ வந்தால் 'ஒரு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள், டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுத என்ன செலவு? அதே நேரம், அந்த வரியை வைத்து வேலையை மறுப்பதும் நியாயமில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் எல்லோரையும் போல வேலை பார்க்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால், யாரும் ரிப்போர்ட்டை வெளியே காட்ட மாட்டார்கள்.

அரசின் கணக்கும் யோசிக்க வேண்டியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. டயாலிசிஸும் அதில் அடக்கம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. டயாலிசிஸ் நிலைக்கு வந்துவிட்டவருக்கு இது உயிர்நாடி. ஆனால், வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்றால், பேரையூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு அதற்குப் பிறகு என்ன வேலை பார்க்க முடியும்? கூட வரும் ஒருவரின் கூலியும் சேர்த்துத்தான் போகிறது. அந்த நிலைக்கு வராமல் தடுக்கும் பயாப்ஸிக்கும் மாத்திரைக்கும் தொடர் டெஸ்ட்டுக்கும் இதே அக்கறை வேண்டும். அரசுக்கும் அதுதான் லாபம்.

ரிப்போர்ட்டில் '+' வந்தால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் நாட்கள் இல்லாத நேரத்தில், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காலை முதல் சிறுநீரை மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். அப்போதும் புரதம் இருந்தால், சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் டெஸ்ட் எடுத்து, ரத்த அழுத்தத்தையும் கிரியேட்டினினையும் பார்த்துக்கொண்டு, சிறுநீரக டாக்டரிடம் போங்கள்.

அவர் பயாப்ஸி வேண்டும் என்றால் பலர் ஓடிவிடுகிறார்கள். 'கிட்னியைக் குத்தி எடுத்தா மிச்சமும் போயிடும்' என்பது ஊர்ப் பேச்சு. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் எடுக்கும் நூலிழை அளவுத் துணுக்கு அது. ரத்தக் கசிவு அபாயம் சிறிதளவு உண்டு என்பதால் படுக்கையில் வைத்துக் கண்காணிப்பார்கள். எந்த நோய், எவ்வளவு அழற்சி, எவ்வளவு தழும்பு என்பதைப் பெரும்பாலும் பயாப்ஸிதான் உறுதியாகச் சொல்லும். எம்சிபி-1 போன்ற சைட்டோகைன்களைச் சிறுநீரிலேயே அளந்து சொல்லிவிட முடியுமா என்ற ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால், அது இன்னும் வழக்கமான லேப் டெஸ்ட்டாக வரவில்லை.

ஸ்டீராய்டு தொடங்கினால், முகம் ஊதுகிறது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வருவதோடு, உடம்பின் இயற்கையான ஸ்டீராய்டு சுரப்பும் கைவிட்டுவிடும். யூடியூபில் பார்த்த 'கிட்னி கிளீன்' கஷாயம் அழற்சியைத் தணித்துவிடும் என்றும் நம்பாதீர்கள். வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள். உப்பைக் குறைப்பதும் புகைப்பதை நிறுத்துவதும் செலவே இல்லாத சிகிச்சை.

சைட்டோகைன்களைப் பற்றி ஆய்வகங்களுக்கு இப்போது நிறையவே தெரியும். எந்தக் குரல் எங்கே எழுகிறது, எதை அடக்கினால் எது அடங்கும் என்று படம் போட்டே காட்டுகிறார்கள். அந்த அறிவெல்லாம் மதுரையில் இருக்கும் 26 வயதுக்காரருக்குப் பயன்பட வேண்டுமென்றால், முதலில் யாராவது அந்த ரிப்போர்ட்டைத் திறந்து நடுவில் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும்.

கடைசியாக எடுத்த செக்கப் ரிப்போர்ட் உங்கள் போனில்தான் இருக்கும். தேடி எடுத்து, சிறுநீர்ப் பகுதியில் ஆல்புமின் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.